ஏழாயிரவர் தரப்பில் சில வார்த்தைகள்

அஸ்டேரியனிடத்தில் அன்பு வைத்து, அவன் கதைக்கு எந்த முடிவு தகும் என்ற விவாதத்தில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கும் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும்,



ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பொருட்டு, அதிலும் ஒரு கணினி விளையாட்டில் வரும் வெள்ளிமுடிக்கார இரத்தக் காட்டேரி ஒருவனின் பொருட்டு, உத்தியோகமும் குடும்பமும் உடைய பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது வீண்வேலை என்று தலையை ஆட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வகையைச் சேர்ந்தவன் அல்லன். மறைந்து நின்று வாலியை வீழ்த்தியது தருமமா என்ற கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டிமண்டபம் ஏற்றி, இன்னமும் தீர்ப்புச் சொல்லி முடிக்காத சமூகத்தில் பிறந்தவனுக்கு, ஒரு கதாபாத்திரத்தின் நியாய அநியாயங்களைப் பற்றி உரக்கச் சண்டையிடுவது விபரீதமாகத் தோன்றக் காரணமில்லை. ஆகவே நீங்கள் சண்டையிடுகிறீர்கள் என்பதில் எனக்கு வழக்கில்லை. அந்தச் சண்டையின் நடுவே வீற்றிருக்க வேண்டிய ஏழாயிரம் பேரை இரு தரப்பாரும் ஒற்றுமையாக மறந்துவிட்டீர்கள் என்பதுதான் என் வழக்கு.

விஷயத்தை அறியாதவர் கையிலும் இம்மடல் சிக்கக்கூடுமாதலால் பூர்வகதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட லாரியன் ஸ்டூடியோஸ் நிறுவனம், 2020 அக்டோபரில் முற்பகுதியை மட்டும் சோதனையாக விற்பனைக்கு விட்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுமையாக வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற விளையாட்டில், நம்மோடு சேர்ந்து நடக்கும் தோழர்களில் ஒருவன் அஸ்டேரியன். எல்ஃப் குலத்தவன், ஒரு காலத்தில் பால்டர்ஸ் கேட் நகரத்து நியாயாதிபதியாக இருந்தவன். கூர் என்னும் நாடோடி இனத்தாரால் தாக்குண்டு குற்றுயிராய்க் கிடந்தபோது, கஸடோர் ஸார் என்ற காட்டேரிப் பிரபு உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லிக் கடித்து, அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவனைத் தன் அடிமையாக வைத்துக்கொண்டான். எசமானின் ஆக்ஞையை மீறத் தன் கைகால்களே இடங்கொடாத இத்தகைய அடிமைக் காட்டேரியைத்தான் நீங்கள் ‘ஸ்பான்’ என்கிறீர்கள். மைண்ட் ஃப்ளேயர் என்ற மூளையுண்ணிக் கூட்டத்தார் அவன் தலைக்குள் புகுத்திய ஒரு புழு, யாரும் எதிர்பாராத வகையில் அந்தக் கட்டை அறுத்து, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அவனைப் பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாத்திரத்தை எழுதியவர் ஸ்டீபன் ரூனி. குரலும் உடலும் தந்தவர் நீல் நியூபன், அதற்காக 2023 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்குரிய விருதைப் பெற்றவர். இவ்விருவரும் தங்கள் காரியத்தை இத்தனை நுட்பமாகச் செய்யாதிருந்தால் உங்களுக்குச் சண்டைபோட விஷயமே அகப்பட்டிருக்காது.

கதையின் மூன்றாம் பாகத்தில், கஸடோரின் மாளிகைக்கு அடியிலுள்ள நிலவறையில், அவன் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற நரகாதிபதியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஒரு சடங்கு நடக்கவிருக்கிறது. முதுகில் அவ்வொப்பந்தத்தின் எழுத்துக்கள் கீறப்பட்ட ஏழு அடிமைகளையும், சிறைக்கூண்டுகளில் அடைபட்டிருக்கும் வேறு ஏழாயிரம் பேரையும் பலியிட்டால், சடங்கை நடத்துகிறவனுக்குச் சூரியன் சுடாது, இரத்தப் பசி எடுக்காது, உலகில் எந்தக் காட்டேரிக்கும் இல்லாத வல்லமை வந்து சேரும். அந்த எழுவரில் ஒருவன் அஸ்டேரியன். எசமானை மடக்கி, தன் இடத்தில் அவனைப் பலியாக நிறுத்தி, சடங்கின் பயனைத் தான் அடைவதா, அல்லது எசமானைக் கொன்று, அப்பயனைத் துறந்து, இருட்டுக்குரிய ஸ்பானாகவே இருந்துவிடுவதா என்பது அங்கே எழும் கேள்வி. முன்னதை ‘அசென்டட்’ என்று அழைத்து அதை விரும்புகிறவர்களை ஏற்றக் கட்சியார் என்றும், பின்னதை விரும்புகிறவர்களை ஸ்பான் கட்சியார் என்றும் இம்மடலில் குறிப்பிடுகிறேன். முடிவுகளின் வகை 17,000 என்று வெளியீட்டுக்கு முன்பே பெருமையாகப் பேசப்பட்ட விளையாட்டில், நீங்கள் சண்டைக்குத் தேர்ந்துகொண்டவை இவ்விரண்டே.

முடிவைப் பற்றிப் பேசுமுன் காதலைப் பற்றிப் பேசவேண்டும். ஏனென்றால் ஏழாயிரவரின் கதை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. முதற் சந்திப்பிலேயே, புதரில் ஏதோ ஜந்து பதுங்கியிருக்கிறது என்று சொல்லி உதவிக்கு அழைத்து, கிட்டே போனவரின் கழுத்தில் கத்தியை வைக்கிறவன் அவன். பிறகு பாகு தடவிய பேச்சும், ஒரு பக்கம் சாய்ந்த சிரிப்பும், நடு இரவில் காட்டுக்குள் ஓர் அழைப்புமாக நம்மை வசப்படுத்துகிறான். அந்த முதல் இரவின் வசனங்களைக் கூர்ந்து கேட்டவர்கள், அவை அளவுக்கு மீறி வழவழப்பாக இருப்பதையும், எங்கோ பலமுறை சொல்லிப் பழகிய பாடம்போல் வந்து விழுவதையும் கவனித்திருப்பீர்கள். நடிகர் அதை வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் அஸ்டேரியனே வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான்: நம்மை மயக்கிவைத்தால் நாம் அவனைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்பது திட்டம், மயக்குவது இருநூறு ஆண்டுப் பழக்கம், நடுவில் உண்மையான பிரியம் முளைத்துவிட்டபடியால் திட்டம் கெட்டுப்போயிற்று.

இந்த ஒப்புதலுக்கு முன்னே நிகழும் ஒரு சிறு சம்பவத்தை, விளையாட்டு முழுவதிலும் மிகச் சிறந்த எழுத்து என்று நான் கருதுகிறேன். மூன்ரைஸ் கோபுரத்தில் ஆராஜ் என்ற டிரௌ இனத்துப் பெண் ஒருத்தி இரத்த வியாபாரம் செய்கிறாள். காட்டேரியால் கடிபட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அஸ்டேரியன் தன்னைக் கடித்தால், உடல் வலிமையை நிரந்தரமாக இரண்டு புள்ளி உயர்த்தும் மருந்து ஒன்றைத் தருவதாக அவள் நம்மிடம் பேரம் பேசுகிறாள். நம்மிடம் என்பதைக் கவனியுங்கள். கடிக்க வேண்டியவன் பக்கத்தில் நிற்கிறான். பேரமோ அவன் தலைக்கு மேலாக நடக்கிறது. அவன் வேண்டாம் என்கிறான். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் இரண்டு புள்ளி வலிமை என்பது, போர்க் கணக்கில் தேர்ந்த ஆட்டக்காரனுக்கு நாவில் நீர் ஊறச் செய்யும் விலை. ஒரு கடிதானே, என்ன நஷ்டம், என்று அவனை நெருக்க நமக்கு வசனங்களும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நெருக்கினால் இணங்கவும் செய்கிறான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நெருக்காமல், உன் உடம்பு உன் இஷ்டம் என்று விட்டவர்களிடம், இருநூறு ஆண்டுகளில் ‘இல்லை’ என்ற சொல்லைத் தான் சொல்லி அது செல்லுபடியானது இதுதான் முதல் தடவை என்பதுபோன்ற திகைப்போடு நன்றி சொல்கிறான். காதல் என்ற பெயரால் விளையாட்டுக்கள் நமக்கு இதுவரை கொடுத்து வந்ததெல்லாம் பரிசுப்பொருள் கொடுத்துப் பிரியத்தைச் சம்பாதிக்கும் ஏற்பாடு. இங்கே பரிசை விட்டுக்கொடுத்தால்தான் பிரியம்.

இது இலக்கியத்தில் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு விசித்திரமான வம்சாவளி கிடைக்கிறது. 1816 ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் வில்லா டியோடாட்டியில் பைரன் பிரபு தங்கியிருந்தபோது, அவரோடு சம்பளத்துக்கு இருந்த இளம் வைத்தியர் ஜான் பாலிடோரி. பைரன் எழுதத் தொடங்கிக் கைவிட்ட ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு, எசமானின் சாயலையே வில்லனுக்குக் கொடுத்து, அவர் எழுதிய ‘தி வாம்பயர்’ என்ற கதைதான் ஆங்கில உரைநடையில் கனவான் காட்டேரியின் ஜனனம். 1819 இல் அது அச்சேறியபோது, பரிதாபம், பைரன் பெயராலேயே அச்சேறியது. ஆகப் பிரபுவாகிய காட்டேரியை முதன்முதலில் எழுதிக்காட்டியவன், பிரபுவின் நிழலில் நின்று தன் பெயரைக்கூடப் பறிகொடுத்த ஓர் ஊழியன். ஆனால் பின்வந்தவர்களுடைய கண் ஊழியன்மீது விழவில்லை. லெ ஃபானுவின் கார்மில்லாவும் (1872), ஸ்டோக்கரின் டிராகுலாவும் (1897) எசமானர்களின் கதைகள். 1983 இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர்களுக்கு ரேவன்லாஃப்ட் மூலம் அறிமுகமான ஸ்ட்ராட் வான் சரோவிச்சும் கோட்டைக்கு அதிபதிதான். இதே வரிசையில் 2000 ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பால்டர்ஸ் கேட்டிலோ, போதி என்ற காட்டேரி நம் காதலுக்குரியவரைப் பிடித்துத் தன் இனமாக்கிவிட, நாம் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பரிகாரம் செய்து மீட்டுவிடுகிறோம். கடிபட்டது ஒரு வியாதி, அதற்கு ஒரு வைத்தியம். அஸ்டேரியன் கதையில் கோயிலும் இல்லை, பரிகாரமும் இல்லை. அழுகிய எலிகளைத் தின்று, கருணை காட்டிய ஒரே குற்றத்துக்காக ஓராண்டு சமாதிக்குள் அடைபட்டு, ஊர்ச் சத்திரங்களில் அழகாய்ச் சிரித்து எசமானுக்கு ஆள்பிடித்துக் கொடுத்த ஊழியனின் கதை இது.

ஆள்பிடித்துக் கொடுத்தான். இந்த இடத்தில்தான் நீங்கள் இரு கட்சியாரும் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள்.

பிடித்துக்கொடுத்தவர்களையெல்லாம் எசமான் அன்றே குடித்துத் தீர்த்துவிட்டான் என்றுதான் அஸ்டேரியன் நம்பியிருக்கிறான். நிலவறைக்குள் இறங்கும்போதுதான், அவர்கள் சாகவில்லை, அடிமைக் காட்டேரிகளாக்கப்பட்டு, பலிநாளுக்காகப் பட்டினியில் கூண்டுக்குள் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அங்கே கம்பிக்குப் பின்னால் செபாஸ்டியன் என்ற ஒருவன் நிற்கிறான். அஸ்டேரியன் ஆரம்பகாலத்தில் மயக்கி அழைத்துவந்தவர்களில் ஒருவன். நேற்று மீசை அரும்பியவன்போல் முகம். அதற்குள் ஒரு மனித ஆயுளைவிட நீண்ட சிறைவாசம். அவன் கேட்கும் கேள்விகளுக்கு அஸ்டேரியனிடம் பதிலில்லை. எப்போதும் ஓர் ஏளனத்தைத் தயாராக வைத்திருக்கும் அந்த வாய் தடுமாறுகிறது. ஸ்பான் கட்சியாரும் ஏற்றக் கட்சியாரும் இந்தக் காட்சியைக் கடந்துதான் வந்திருக்கிறீர்கள். அப்போது உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. காட்டுக்குள் அன்றிரவு நாம் கேட்ட அந்த வழவழப்பான வசனங்களை, அதே குரலில், அதே சாய்ந்த சிரிப்போடு, இவனும் கேட்டிருக்கிறான். ஏழாயிரவரில் எத்தனையோ பேர் நமக்கு முன்னே அவனிடம் காதல் வயப்பட்டவர்கள். அவர்கள் கூண்டுக்குப் போனார்கள். புழுவின் புண்ணியத்தால் நாம் கூடாரத்துக்குப் போனோம். காதற்கதை என்றும், பலிக்கதை என்றும் நீங்கள் இரண்டாகப் பிரித்துவைத்துப் பேசுவது ஒரே கதையைத்தான்.

இனி ஏற்றக் கட்சியாருக்கு. உங்கள் வாதங்களில் வலுவானது, அவன் வாழ்நாளில் முதன்முறையாகத் தானே ஒரு தீர்மானம் செய்கிறான், அன்புள்ளவர் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது, ஆராஜ் விஷயத்தில் அவன் இஷ்டத்துக்கு விட்டவர்கள் இங்கேமட்டும் தடுப்பது எந்த நியாயம் என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சடங்கின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். முதுகிலுள்ள எழுத்தைக் கஸடோரின்மேல் படியெடுத்துக் கீற வேண்டும். தன் முதுகைத் தான் காண எவராலும் ஆகாது, கண்ணாடியில் பிம்பமே விழாத காட்டேரிக்கோ அந்த உபாயமும் இல்லை. ஆகையால் புழுவின் தொடர்பால் நம் கண்ணைத் தனக்கு இரவல் தரும்படி நம்மைக் கேட்கிறான். அவனுடைய உடம்பு அவன் இஷ்டம் என்று விலகி நிற்பது ஆராஜிடம் சாத்தியமாக இருந்தது. இங்கே விலகி நின்றால் சடங்கே நடவாது. நாம் கேட்கப்படுவது சம்மதம் அல்ல, கைவேலை. ஏழாயிரம் பேரைப் பலியிடும் காரியத்தில் கருவியாக இருக்க மறுப்பவனை, பிறர் சுதந்திரத்தைப் பறித்தவன் என்று ஏசினால், சுதந்திரம் என்ற பதத்துக்கு என்ன மரியாதை? அவன் தீர்மானம் நம் குறுக்கீடின்றி நடக்கவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர்கள், அஸ்டேரியனாகவே அவதாரமெடுத்து விளையாட வசதி இருக்கிறது. அப்படி ஆடிப் பார்த்தால், காதலர் என்ற சாட்சி விலகி, அவனுக்கும் கூண்டுகளுக்கும் இடையே வேறொன்றும் இல்லாமல் போவது புலப்படும்.

அடுத்து, ஏற்றம் பெற்றபின் அவன் சுகமாக இருக்கிறான், நம்மை அரசபோகத்தில் வைக்கிறான், ஆதலால் இதுவும் மங்களமான முடிவே என்கிறீர்கள். ரசனை உங்களுடையது, ஆனால் எழுதியிருப்பதை இல்லை என்று சாதிக்க வேண்டாம். கஸடோர் தன் அடிமைக்கு விதித்த கட்டளைகள் நான்கில் இறுதியானது, நீ என் உடைமை என்பதை அறிந்திரு என்பது. ஏற்றம் பெற்ற அஸ்டேரியன் காதலரிடம் பேசும் பேச்சில் அந்தக் கட்டளையின் எதிரொலி, பட்டுத்துணி சுற்றி, திரும்பத் திரும்ப வருகிறது. உன்னையும் என் இனமாக்குகிறேன், என் பக்கத்தில் இரு என்கிறான். மாட்டேன் என்றால் உறவே முடிந்தது என்று விலகிப் போய்விடுகிறான். ‘இல்லை’ என்ற சொல் செல்லுபடியானதற்காக நன்றி சொன்னவன்தான் இவனும். எசமானின் நாற்காலி காலியானபோது, அதை உடைக்காமல் அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுத்தாளர் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிட்டார்.

ஸ்பான் கட்சியார் இதைப் படித்துக் கைதட்ட வேண்டாம். உங்களுக்கும் சொல்ல இருக்கிறது, சற்றுக் கடுமையாகவே. ஏற்றத்தைத் தேர்ந்தவர்களைக் கொடுமைக்கு உடந்தையானவர்கள் என்றும், சொந்த வாழ்விலும் ஆதிக்கத்தை ஆராதிப்பவர்கள் என்றும் நீங்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். துன்பியலை விரும்பிப் படிப்பவன் துன்பத்தை விரும்புகிறவன் ஆவானா? தன்னைத் துன்புறுத்தியவனின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் ஒரு மனிதனைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, பயங்கரமான அனுபவமாயினும் கலானுபவந்தான். ஏற்றப் பாதையில் நியூபனின் குரல் படிப்படியாகத் தடித்து, கேலி கழன்று, கட்டளை ஏறும் விதத்தைக் கேட்காதவர்கள் அந்த நடிப்பில் பாதியை இழந்தவர்கள் என்பேன். அதைவிடவும், ‘அவன் அஸ்டேரியனே அல்லன், வேறு யாரோ’ என்று நீங்கள் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அவன் சாட்சாத் அஸ்டேரியனே. அதிகாரம் வேண்டும், இனி எவனும் என்னைத் தொடக்கூடாது என்பதை முதல் பாகத்திலிருந்தே கூசாமல் சொல்லி வந்தவன் அவன். பயம் தீராதவனுக்குப் பலம் மட்டும் கிடைத்தால் எப்படி இருப்பானோ அப்படி இருக்கிறான். அவனை அந்நியன் என்று கழித்துக்கட்டினால், மற்ற முடிவில் அவன் துறந்தது என்ன என்பதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

இன்னொன்று. அவனாகவே மனம் திருந்தினான் என்று நீங்கள் பெருமிதத்தோடு எழுதுகிறீர்கள். இருபது முகப் பகடையை உருட்டி, நம் வார்த்தை பலித்தபின் திருந்தினான். பகடை கவிழ்ந்தால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய், அது நமக்குச் சாதகமாக விழும்வரை அவன் வாழ்வின் அதே நிமிஷத்தை மறுபடி மறுபடி ஓட்டுகிற வழக்கம் நம்மில் யாருக்கு இல்லை? இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, விளையாட்டு அப்படித்தான். ஆனால் இத்தனையும் செய்துவிட்டு, அவனுடைய சுயேச்சையின் காவலர் நாமே என்று மார்தட்டுவது கொஞ்சம் அதிகம். பகடையிலும் நான் மதிக்கும் அம்சம், அங்கே நம் வாதத்தின் சாரம்: இதைச் செய்தால் நீ கஸடோரிடமிருந்து விடுபட்டவன் ஆகமாட்டாய், அடுத்த கஸடோர் ஆவாய் என்பதுதான் அது. நாம் மிரட்டுவதில்லை, அவன் ஏற்கனவே அறிந்த ஒன்றை அவனுக்கு நினைவூட்டுகிறோம். அதன்பின் அவன் கஸடோரைத் திரும்பத் திரும்பக் குத்திவிட்டு, முழங்காலிட்டு, குழந்தைபோல் வாய்விட்டு அழுகிறான். வெற்றிக்காட்சி என்று அதற்குப் பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

அழுகைக்குப் பின் வரும் கல்லறைக் காட்சியை, அதாவது தன் பெயர் பொறித்த சமாதிக் கல்லின் முன் நம்மை அழைத்துப் போய், அம்மண்ணைக் கைகளால் தோண்டிக்கொண்டு வெளிவந்த இரவை அவன் சொல்லுவதையும், இனி வாழ வேண்டும் என்று அவன் ஆசைப்படுவதையும், நீங்கள் எத்தனை பக்கம் வருணித்திருக்கிறீர்கள் என்பதற்குக் கணக்கில்லை. நல்ல காட்சிதான். முதல் வெளியீட்டில், கதையின் இறுதிப் பகையான பெருமூளையை வீழ்த்தியபின் புழுவின் காப்பு நீங்க, துறைமுகத்தில் சூரியன் பட்டு அவன் மேனியில் புகை கிளம்பி, நிழல் தேடி அவன் ஓடிப்போவதோடு கதையை முடித்தது அநியாயம் என்று நீங்கள் முறையிட்டதும் நியாயந்தான். 2023 நவம்பர் 30 அன்று வந்த ஐந்தாம் திருத்தப் பதிப்பில், ஆறு மாதம் கழித்து விதர்ஸ் என்ற பாத்திரம் கூட்டும் விருந்தைப் பின்னுரையாகச் சேர்த்து, அங்கே அவனை மறுபடி சிரிக்கவைத்தார்கள். ஏற்றம் பெற்றவனும் தன் பிரபுத்துவத்தோடு அவ்விருந்துக்கு வருகிறான். இரு கட்சியாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்துவிட்டது. 2024 மார்ச்சில் இந்த விளையாட்டுக்கு இனி விரிவாக்கமோ அடுத்த பாகமோ தாங்கள் செய்யப்போவதில்லை என்று லாரியனின் தலைவர் ஸ்வென் விங்க்கே அறிவித்தார். 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் பெருந்திருத்தத்தோடு அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆகையால் மேலும் ஒரு வசனம் வந்து உங்கள் வழக்கைத் தீர்த்துவைக்கும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டியதில்லை.

ஆனால் இந்த வருணனைகளில் எங்கே போனார்கள் ஏழாயிரவர்? கஸடோர் செத்த அடுத்த நிமிஷம் ஒரு கேள்வி எழுகிறது: கூண்டுகளைத் திறந்துவிடுவதா, கூண்டோடு அழித்துவிடுவதா? திறந்துவிட்டால், நூறாண்டுப் பசியோடு ஏழாயிரம் காட்டேரிகள் பாதாள உலகமாகிய அண்டர்டார்க்குக்குள் இறங்குவார்கள். அங்கேயும் உயிரினங்கள் வாழ்கின்றன. அழித்துவிட்டால், ஒரு குற்றமும் செய்யாமல் ஏமாந்தவர்களை, கூர் இனத்தார் தேடியலையும் அவர்களுடைய குழந்தைகள் உட்பட, நாமே கொன்றவர்கள் ஆவோம். ஏற்றத்தை மறுத்ததற்காக நம்மை நாமே புகழ்ந்துகொண்டு, அதே ஏழாயிரம் உயிரை வேறு பெயரால் பலியிட்டு மேலே ஏறிப்போகும் ஸ்பான் கட்சியாரையும் நான் அறிவேன். இரண்டு வரிச் சம்பாஷணையில் காரியம் முடிந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் விளையாட்டை எழுதியவர்களையும் நான் குறைகூறுகிறேன். ஆராஜின் ஒரு கடிக்கு அத்தனை நுணுக்கம் செலவிட்டவர்கள், ஏழாயிரம் பேரின் தலைவிதிக்கு இத்தனை சிக்கனம் பார்த்திருக்க வேண்டாம்.

என் பட்சம் எதுவென்று கேட்டால், திறந்துவிடுவதுதான். அவர்கள் யாரைக் கடிப்பார்களோ என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. ஆயினும் முதல் பாகத்தில் ஓர் இரவு நாம் தூங்கும்போது பல்லை வெளியே நீட்டிக்கொண்டு நம் கழுத்துக்கு மேல் குனிந்தவனை விழித்துப் பார்த்தபோது, அவன் நிறுத்துவானா, குடித்தே தீர்த்துவிடுவானா என்பது தெரியாமலேயே, நம்மில் பெரும்பாலோர் கழுத்தைக் கொடுத்தோம். பகடை பிசகியவர்கள் அன்றிரவு செத்தும் போனார்கள். அழகாய்ச் சிரிக்கத் தெரிந்தவனுக்குக் கொடுத்த அந்தச் சந்தர்ப்பத்தைச் செபாஸ்டியனுக்குக் கொடுக்கமாட்டோம் என்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள். அவன் அஸ்டேரியன் அளவு அழகாக வரையப்படவில்லை என்பதைத் தவிர வேறொரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களில் எந்தக் கட்சியாருக்காவது கிடைத்தால் எழுதுங்கள். முத்தக்காட்சிகளைப் பற்றிய வாதத்தை அதுவரை ஒத்திவைப்போம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள சக ஆட்டக்காரன்